நடுகல்லும் சிலுவையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

முன்னுரை

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கொடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1949ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் இந்நாளில் சிறு கொடியொன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, இயன்ற தொகையை உண்டியலில் இடுகிறோம். போரில் உயிர் நீத்தோரின் குடும்பங்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் அத்தொகை உதவுகிறது. இதில் கருத்து வேறுபாடு கொள்வார் யாருமிலர். ஆனால் உண்டியலில் காசு இட்டதோடு முடிந்துவிடாத கேள்வி ஒன்று உண்டு. பகைவனையும் நேசிக்க வேண்டும் என்ற போதனையை ஏற்றுக்கொண்ட ஒருவன், போர்க்களத்தில் மடிந்த வீரனுக்கு மனமார வணக்கம் செலுத்தலாமா? செலுத்தினால் தன் சமாதானக் கொள்கையைக் கைவிட்டவன் ஆவானா? செலுத்த மறுத்தால் நன்றி மறந்தவன் ஆவானா?

இது எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று. என் தந்தையார் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் படையில் சேர வேண்டும் என்று நாள்தோறும் விடியுமுன் எழுந்து ஏரிக்கரையில் ஓடுகிறான். எங்கள் ஆயாவுக்கோ அதில் விருப்பமில்லை. கொலை செய்யாதே என்பது கர்த்தரின் கட்டளை அல்லவா என்கிறார். "அப்படின்னா நாட்டுக்காகச் செத்தவங்க எல்லாம் பாவிங்களா ஆயா?" என்று தம்பி கேட்டான். ஆயாவிடம் பதில் இல்லை. "பெரியவன் காலேஜ்ல படிக்கிறான், அவனைக் கேளு" என்றார். கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் நம் கல்லூரி நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் கண்ட நடுகல்

மாண்ட வீரனுக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழரின் தொன்மையான மரபு. அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் ஆறாக வகுத்துக் கூறுகிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதைக் கொண்டுவருவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பின்னர் நடுதல், பெரும்படை, வாழ்த்து என்பன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் இம்மரபின் பழைமைக்குச் சான்று பகர்கின்றன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவரும் பூசலில் இறந்தவனுக்கு எடுக்கப்பட்டது.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் என் உள்ளத்தைக் கவர்ந்தது. அங்கே வீரனோடு கோவிவன் என்ற நாயும் கல்லில் இடம்பெற்றுள்ளது. தலைவன் இறந்தபின் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. நாயின் நன்றியையும் மறவாத மக்கள் மனிதனின் உயிர்க்கொடையை எங்ஙனம் மறப்பர்?

இந்நடுகற்களில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. கல் போருக்கு நடப்படவில்லை, ஆளுக்கு நடப்பட்டது. இன்ன ஊரான், இன்னார் மகன், இன்ன காரணத்தால் இறந்தான் என்பதே பெரும்பாலும் கல்லெழுத்து. ஆநிரை மீட்டு இறந்தவனுக்கும் கல் உண்டு. ஆநிரை கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு. அப்பூசலில் நியாயம் எவர் பக்கம் என்று கல் தீர்ப்புக் கூறவில்லை. இறந்தவன் நம்மவன், அவன் பெயர் அழியலாகாது என்று மட்டுமே கூறுகிறது. துக்கம் வேறு, தீர்ப்பு வேறு என்ற பாடத்தை நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்துள்ளனர் எனலாம்.

வேதம் காட்டும் இரு வழிகள்

இனிக் கிறிஸ்தவ வேதத்தைப் பார்ப்போம். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க வந்தபோது பேதுரு வாளை உருவிப் பிரதான ஆசாரியனின் வேலைக்காரனாகிய மல்குஸ் என்பவனின் காதை வெட்டினார். இயேசு வாளை உறையில் போடச் சொன்னார். அதோடு நிற்கவில்லை, வெட்டுண்ட பகைவனின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். தம்மைக் காப்பதற்காகக்கூட வாளை அவர் ஏற்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

அதே சுவிசேஷங்களில் வேறொரு காட்சியும் உண்டு. கப்பர்நகூமில் ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவன் தன் வேலைக்காரனைக் குணமாக்க வேண்டினான். அடிமைப்பட்ட நாட்டில் அவன் அந்நியப் படையின் அதிகாரி. இயேசு அவனை விரட்டவில்லை. அவனுடைய விசுவாசத்தை வெளிப்படையாகப் பாராட்டினார். யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் கிடைக்கும் சம்பளத்தோடு நிறைவடையுமாறு அவர் அறிவுரை கூறினார்.

ஆக, வாள் மறுக்கப்படுகிறது. வாள் ஏந்தியவன் மறுக்கப்படவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கடினம். ஒன்றை மட்டும் பிடித்தால் எளிது. வாளை மறுப்பவர் வீரனையும் இகழ்ந்துவிடுகின்றனர். வீரனைப் போற்றுபவர் வாளையும் சேர்த்தே வணங்கிவிடுகின்றனர்.

திருச்சபை வரலாற்றில்

கி.பி. 295இல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற இளைஞனைப் படையில் சேர்க்க அழைத்து வந்தனர். நான் கிறிஸ்தவன், படைத்தொழில் புரிய இயலாது என்று அவன் மறுத்தான். அதற்காகக் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 21. என்னைவிட ஓராண்டு மூத்தவன். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த மார்ட்டின் ரோமப் படையில் பணியாற்றியவர். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் வரலாறு. பின்னர்ப் படையை விட்டு நீங்கித் தூர் நகரின் ஆயர் ஆனார். அவருடைய திருநாள் நவம்பர் 11. முதல் உலகப் போர் ஓய்ந்ததும் 1918 நவம்பர் 11 அன்றே. போரில் மாண்டோரை உலகின் பல நாடுகள் நினைவுகூரும் அந்நாள், படையை விட்டு விலகிய ஒரு வீரரின் நாளாகவும் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அகஸ்டின், தீமையைத் தடுக்கச் சில வேளைகளில் போர் தவிர்க்க இயலாததாகலாம் என்றார். ஆனால் அத்தகைய போரையும் எண்ணித் துயருறாதவன் மனித உணர்வை இழந்தவன் என்ற கருத்தையும் உடன் வைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் எந்தப் போரிலும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று உறுதி பூண்டனர். இவ்வாறு திருச்சபைக்குள்ளேயே இரு கருத்துகள் இன்றளவும் நிலவுகின்றன.

நம் தமிழகமும் இதில் பின்தங்கவில்லை. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்று, 1929இல் காந்தியடிகளோடு இணைந்தார். இயேசுவின் போதனையில் அகிம்சையே உயிர்நாடி என்று கொண்டவர் அவர். இயேசுவின் வாழ்வையும் கட்டளைகளையும் பற்றிச் சிறையிலிருந்தபோது நூல் எழுதினார். சமாதானம் என்பது போர் மூண்டபின் ஓதும் மந்திரமன்று. பிறர் உழைப்பைச் சுரண்டாத வாழ்க்கை முறையே அதன் வேர் என்பது அவர் கொள்கை. பேராசையில் எழுந்த பொருளாதாரத்துக்குக் காவலாகவே பெரும்படைகள் தேவைப்படுகின்றன என்று அவர் கருதினார். தொழிற்பேட்டையின் நிழலில் வளரும் நம்மைப் போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய கருத்து இது.

தம்பியின் கேள்விக்கு இவ்விடத்திலேயே விடை கூறிவிடலாம். இறந்த வீரன் பாவியா, புண்ணியவானா என்று தீர்ப்பிடும் அதிகாரம் நமக்கு இல்லை. தன் உயிரைப் பிறருக்காகப் பணயம் வைத்தானே, அந்த அன்பு உண்மையானது, அதை வணங்கலாம். ஆனால் அவன் கையால் மாண்டவனும் ஒரு தாயின் பிள்ளை. அத்துயரமும் உண்மையானது, அதை மறைத்துவிட்டு வணங்கலாகாது.

நந்தம்பாக்கத்துக் கல்லறைகள்

சென்னை நந்தம்பாக்கத்தில் மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஆங்காங்கே புதைக்கப்பட்டிருந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை ஓரிடத்தில் அடக்கம் செய்து 1952இல் இதனை அமைத்தனர். இங்கே 856 பேரின் கல்லறைகள் உள்ளன. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பின்புறத்து நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இதனைப் பராமரிப்பது 1917இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம். பதவியில் பெரியவன், சிறியவன் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்பது அவ்வாணையத்தின் கொள்கை.

நாற்பதுக்கு மேற்பட்ட கல்லறைகள் கொண்ட இவ்வகைத் தோட்டங்களில் 'தியாகச் சிலுவை' என்ற கற்சிலுவையை நிறுவுவது வழக்கம். அச்சிலுவையின் மீது வெண்கல வாள் ஒன்று, முனை கீழ்நோக்கியவாறு பதிக்கப்பட்டிருக்கும். இதை வடிவமைத்தவர் ரெஜினால்ட் புளோம்பீல்ட். சிலுவைமேல் வாளா என்று முதலில் மனம் துணுக்குறுகிறது. வாளுக்கு இறைவன் ஆசி வழங்கினான் என்று ஒருவர் அதற்குப் பொருள் கூறலாம். வாள் தன் வேலையை விட்டுச் சிலுவையில் அறையப்பட்டது என்றும் மற்றொருவர் கூறலாம். நான் இரண்டாவது பொருளையே ஏற்க விரும்புகிறேன். ஆயினும் முதற்பொருளை எண்ணிப் போருக்குச் சென்றோரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை.

வேறு ஓர் உண்மையும் உண்டு. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து பணியாற்றினர். 74,000 பேருக்கு மேல் மாண்டனர். எல்லாருக்கும் சமமான நினைவு என்ற கொள்கை இவர்கள் அனைவருக்கும் கடைப்பிடிக்கப்பட்டதா? இல்லை என்று அந்த ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் குறைந்தது 45,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்றும் கூறி, அதற்காக மன்னிப்பும் கேட்டது. வெற்றியைக் கொண்டாடுவோர்க்குப் பெயர்கள் தேவைப்படுவதில்லை. துக்கம் காப்போர்க்கோ ஒரு பெயர் விடுபட்டாலும் பொறுப்பதில்லை. வீரவணக்கம் உண்மையானதா என்பதற்கு இதுவே முதல் சோதனை.

காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள்

படையில் சேர்ந்தோர் அனைவரும் கொல்லச் சென்றவர் அல்லர். 1950இல் கொரியாவில் போர் மூண்டபோது இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அவ்வாண்டின் இறுதியில் பியோங்யாங் நகரிலிருந்து படைகள் பின்வாங்கியபோது இப்பிரிவுக்கு வண்டிகள் கிடைக்கவில்லை. மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமின்றி, பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தனர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் டெஸ்மண்ட் டாஸ் என்ற கிறிஸ்தவ இளைஞர் துப்பாக்கியைத் தொட மறுத்து, மருத்துவ உதவியாளராகவே படையில் இருந்தார். 1945இல் ஒகினாவாத் தீவில் செங்குத்தான பாறை மேலிருந்து காயமுற்ற வீரர்கள் சுமார் 75 பேரைக் கயிற்றில் கட்டி ஒவ்வொருவராக இறக்கிக் காப்பாற்றினார். அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைத்தது. நம் மதராஸ் படைப்பிரிவின் போர் முழக்கம் 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது. 'வீர' என்ற சொல்லை நான் தலைவணங்கி ஏற்கிறேன். 'கொல்லு' என்ற சொல்லிடத்தில் என் நா தயங்குகிறது. கொல்லாமலே அந்த முதற்சொல்லுக்கு உரியவராகலாம் என்பதற்கு டாஸ் சான்றாக நிற்கிறார்.

நம் ஊரில் இக்கேள்வி

கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் நம் மாநிலத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று. 1983க்குப் பின் அலை அலையாகக் கடல் கடந்து வந்தோரும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்தம் பிள்ளைகளும் இம்மாநிலத்து முகாம்களில் வாழ்கின்றனர். எனக்கு நெருங்கிய நண்பன் ஒருவன் இம்முகாமில் பிறந்தவன். அவன் தந்தையார் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளி. அவனுடைய தாத்தா 1987இல் யாழ்ப்பாணத்தில் குண்டு பட்டு இறந்தவர். எவர் வீசிய குண்டு என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

1987 ஜூலை 29 அன்று இந்திய – இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சமாதானம் காக்க என்று இந்திய அமைதிப் படை இலங்கைக்குச் சென்றது. அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கும் அப்படைக்கும் போர் மூண்டது. அம்மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் ஊழியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நவம்பர் 25 அன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நெஞ்சில் குண்டு பட்ட நிலையிலும் போரிட்டு மாண்டார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் அப்படை சென்னைத் துறைமுகம் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் கூறிய காரணம். வீரர்களை அவமதித்துவிட்டார் என்று ஒரு சாராரும், தமிழர் துயரை மதித்தார் என்று மற்றொரு சாராரும் கூறினர்.

அப்படையினருக்கு அவர்கள் இறந்த மண்ணிலும் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. இன்று கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையிலும், யாழ்ப்பாணத்துப் பலாலியிலும் அவர்களுக்கு நினைவிடங்கள் உள்ளன. இவற்றை நான் குறை கூறேன். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, மொழி தெரியாத ஊரில் உயிர் விட்ட இருபது வயது இளைஞன் என்ன பிழை செய்தான்? அவனுக்கும் ஒரு கல் வேண்டும். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் இறந்தவர்க்கும் ஒரு கல் வேண்டும். என் நண்பன் அருகில் நிற்கும்போதும் நான் தயங்காமல் செலுத்தக்கூடிய வீரவணக்கம் எதுவோ, அதுவே மெய்யான வீரவணக்கம். அவன் தலை கவிழ நேருமாயின், அவ்வணக்கத்தில் எங்கோ வெற்றி முழக்கம் கலந்துவிட்டது என்று பொருள். இது இரண்டாவது சோதனை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கொடி நாளை ஒருநாள் சடங்காக விட்டுவிடாமல், நம் ஊர்களில் வாழும் முன்னாள் வீரர்களின் குடும்பங்களை அறிந்துகொள்ள வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவிகள் உள்ளன என்பதையே அறியாத விதவைத் தாய்மார் இருக்கக்கூடும். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் வீரவணக்கமே. படித்த முதல் தலைமுறையினராகிய நமக்கு அது கடமையும் ஆகும்.

இரண்டாவது, நினைவு நாளில் மௌனம் காப்பது நன்று. மௌனத்தில் இருதரப்பு இறந்தோருக்கும் இடமுண்டு. முழக்கத்தில் ஒரு தரப்புக்கே இடமுண்டு. மூன்றாவது, ஆலயங்களில் வீரர்களுக்காக ஜெபிக்கும்போது எதிர்த்தரப்பில் மகனை இழந்த தாய்க்காகவும் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். பகைவருக்காக ஜெபிக்கும்படி கட்டளை பெற்றவர்களுக்கு இது பெரிய பாரமன்று. நான்காவது, படையில் சேர விரும்பும் இளைஞனை இகழவோ, சேர விரும்பாதவனைக் கோழை என்று ஏசவோ கூடாது. மாக்சிமிலியனும் கோழையல்லன், பரமேஸ்வரனும் கொடியவரல்லர்.

முடிவுரை

போரில் இறந்தோரை வணங்குவதும் சமாதானத்தை நாடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. போரை வணங்குவதுதான் சமாதானத்துக்கு முரண். சமாதானத்தை நாடுபவனுக்கே இறந்த வீரனிடத்து மிகுதியான கடமை உண்டு. ஏனெனில் அந்த மரணம் நேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று நம்புபவன் அவனே.

நம் சிப்காட்டின் உலைகளில் பழைய இரும்பு வந்து குவிகிறது. எதன் உடைசல் அது என்று உலை கேட்பதில்லை. உருக்கி, வீடு கட்டும் கம்பியாக்கி அனுப்புகிறது. இரும்பின் தன்மை மாறுவதில்லை, வடிவமே மாறுகிறது. வாள்களை மண்வெட்டிகளாக அடிக்கும் காலம் வரும் என்று ஏசாயா தீர்க்கதரிசி கண்ட கனவும் இதுவே. வீரர்களிடம் நாம் கண்ட துணிவு, கட்டுப்பாடு, பிறருக்காகத் தன்னைக் கொடுத்தல் ஆகிய பண்புகளும் அத்தகைய இரும்பே. அவற்றை அழியவிடாமல் காத்து, சாதிச் சண்டையும் மதப் பகையும் தலைதூக்கும் இடங்களில் குறுக்கே நின்று தடுக்கும் துணிவாக வார்த்தெடுப்பது மாணவர்களாகிய நம் கையில் உள்ளது. இனி நம் மண்ணில் புதிய நடுகற்கள் தேவைப்படாத நாளுக்காக உழைப்போம். நின்றுகொண்டிருக்கும் கற்களுக்கு நாம் செலுத்தும் உயர்ந்த வணக்கம் அதுவே.